கழற்றியதைக் கவரில் போட்டு வை

கலெக்டர் என்று சொன்னால் நம் ஊரில் எல்லாருக்கும் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகம்தான் நினைவுக்கு வரும். அதனால் இந்தப் பதிவில் சேகரிப்பவர் என்றே எழுதுகிறேன். பழைய கிட்டாரையும் வால்வு ஆம்பையும் (கண்ணாடிக் குழாய் வால்வில் ஓடும் ஒலிபெருக்கி) பெட்டியோடு பூட்டி வைப்பவர் அவர். அதே சாமானைச் சனிக்கிழமை கல்யாண வரவேற்பிலும் ஞாயிறு காலை ஆராதனையிலும் தூக்கிக்கொண்டு அலைபவர் வாசிப்பவர். மார்த்தாண்டம் தொடங்கி களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் வரை இரண்டு வகையும் உண்டு. இரண்டு பேரும் சந்தித்தால் பேச்சு ஒரே இடத்தில்தான் முட்டும். ஒருவர் "ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடாதே" என்பார். மற்றவர் "வாசிக்க முடியாத கிட்டார் வெறும் விறகு" என்பார்.

இரண்டுமே பாதி சரி. செய்கிற வேலையைப் பின்னால் மாற்றிப் பழையபடி ஆக்க முடியுமா, முடியாதா என்பதை மட்டும் கேட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் விலை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் ஸ்டாண்டர்ட் என்ற எலக்ட்ரிக் கிட்டாரை 1958 முதல் 1960 வரை சன்பர்ஸ்ட் நிறத்தில் செய்தார்கள். அப்போது அது சரியாக விற்கவில்லை, நிறுத்தியே விட்டார்கள். 1960-களின் நடுவில் எரிக் கிளாப்டன், பீட்டர் கிரீன், மைக் புளூம்ஃபீல்ட் போன்ற ராக், புளூஸ் கலைஞர்கள் அதே பழைய லெஸ் பாலை எடுத்து வாசித்த பிறகுதான் ஆட்கள் தேட ஆரம்பித்தார்கள். 1968-இல் கிப்சன் லெஸ் பாலை மறுபடி செய்யத் தொடங்கியது. இன்னொரு கிட்டார் கம்பெனியான ஃபெண்டரின் கதை வேறு. லியோ ஃபெண்டர் 1965 ஜனவரியில் கம்பெனியை சிபிஎஸ் என்ற பெரிய ஒலிபரப்பு நிறுவனத்துக்கு விற்றார். அதற்கு முன்னால் செய்தது எல்லாம் 'சிபிஎஸ்ஸுக்கு முந்தியது' என்று ஒரு படி மேலே போய்விட்டது. ஆக, இன்று அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் கிட்டாருக்கு விலை ஏற்றிவிட்டதே மேடையில் அதை அடித்து வாசித்தவர்கள்தான். சேகரிப்பவர்கள் இதை அவ்வளவாக ஒத்துக்கொள்வதில்லை.

ஆனால் மறுபக்கமும் உண்டு. 1970-களில் நல்ல நல்ல ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்களில் உளி வைத்துத் தோண்டி ஹம்பக்கர் என்ற பெரிய பிக்அப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) மாட்டினார்கள், ஹெட்ஸ்டாக்கில் (கிட்டாரின் தலைப் பகுதி) பெரிய துளை போட்டு வேறு டியூனர் (கம்பி முறுக்கும் சாவி) வைத்தார்கள், மேலே புது பெயின்ட் அடித்தார்கள். விலை ஏறிய பிறகுதான் அந்தக் கை நின்றது. அந்த அளவில் சேகரிப்பவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

இனி வாசிப்பவர் கவனிக்க வேண்டிய கணக்கு. சந்தையில் பொதுவாகப் புழங்கும் வழக்கு இது: முழுதும் மறு பெயின்ட் அடித்த கிட்டாரின் விலை, அசல் பெயின்ட் உள்ளதில் ஏறக்குறைய பாதி. ஹெட்ஸ்டாக் உடைந்து ஒட்டியதும் ஏறக்குறைய பாதிதான். கிப்சனில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் அமைப்பே: ஹெட்ஸ்டாக் 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும், மரம் மஹாகனி, நட்டுக்கு (நெக்கின் முனையில் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டு) பின்னால் டிரஸ் ராடுக்காக (நெக்கை நேராக வைக்கும் உள் கம்பி) தோண்டிய குழி, மரம் மெலிந்திருப்பதும் அதே இடத்தில். ஸ்டாண்டிலிருந்து ஒரு முறை மல்லாந்து விழுந்தால் போதும். ஆனால் நீளவாக்கில், இழை ஓடும் திசையில் பிளந்து, நல்ல பசை போட்டு, சரியாகக் கிளாம்ப் போட்டு ஒட்டிய ஹெட்ஸ்டாக் காலத்துக்கும் நிற்கும். சத்தத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பேன் என்று பந்தயம் கட்டுகிறவரிடம் கண்ணைக் கட்டி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அதாவது சேகரிப்பவர் முகம் சுளிக்கும் இடத்தில்தான் வாசிப்பவருக்குத் தள்ளுபடி கிடைக்கிறது. அதே மரம், அதே பிக்அப், அதே நெக், பாதி விலை. மறு பெயின்ட் அடித்த, ஃபிரெட் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) மாற்றிய, பெட்டி இல்லாத கிட்டாரை வாசிப்பவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பாடியில் தோண்டல் இருந்தால் பிக்கார்டை (பாடியில் கீறல் விழாமல் காக்கும் தகடு) கழற்றி, எவ்வளவு என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

இந்த வழக்கையே புரட்டிப்போட்ட ஒரு கிட்டாரும் உண்டு. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மர் வாசித்த கறுப்பு ஸ்ட்ராட்டில் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்தான்) நெக் மாறியிருக்கிறது, பிக்அப் மாறியிருக்கிறது, பாடியில் தோண்டி அடைத்த தடம் இருக்கிறது, கறுப்பே மேலே அடித்த பெயின்ட்தான். 2019 ஜூனில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. சேகரிப்பவர் விதிப்படி பார்த்தால் அது கழிவு. பெரிய கை ஒன்று தொட்டிருந்தால் விதி செல்லாது. உங்கள் கையும் என் கையும் தொட்டால் செல்லும், மறந்துவிடாதீர்கள்.

அசலா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கடைகளில் நோட்டு பார்க்கிற நீல விளக்கு இருக்கிறதே, அதே சாதி டார்ச் போதும். 365 நானோமீட்டர் என்று போட்டிருந்தால் நல்லது. அறையை இருட்டாக்கி அடித்துப் பாருங்கள். பழைய நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் (அந்தக் காலத்து மேல்பூச்சு) மங்கலான மஞ்சள் பச்சையாக ஒளிரும். பின்னால் தொட்ட இடம் கறுப்பாகவோ ஊதாவாகவோ தனியாகத் தெரியும். நெக் பாடியோடு சேரும் இடம், நட்டின் பின்புறம், பாலத்தை (பாடியின் மேல் கம்பிகளைத் தாங்கும் கட்டை) சுற்றி, இந்த மூன்றையும் விடாமல் பாருங்கள்.

அடுத்து பாட், அதாவது வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் இருக்கும் பாகம். வால்யூம் பாட்டின் பக்கவாட்டிலோ பின்னாலோ ஏழு எண்கள் இருக்கும். 1376612 என்றால் முதல் மூன்று எண் செய்த கம்பெனி (137 சிடிஎஸ், 304 ஸ்டாக்போல்), அடுத்த இரண்டு வருடம், கடைசி இரண்டு வாரம்: 1966, பன்னிரண்டாவது வாரம். ஸ்பீக்கருக்கும் இதே கணக்குதான், 220 ஜென்சன், 465 ஆக்ஸ்ஃபோர்ட். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஃபெண்டர் 1966-இல் பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்து, பல வருடம் அதையே மாட்டியது. அதனால் 66 என்று பாட் சொன்னாலும் ஆம்ப் 1968 ஆக இருக்கலாம். பாட் எண் சொல்வது "இதற்கு முன்னால் இல்லை" என்பதை மட்டும்தான். பாட்டின் முதுகில் ஈயம் பளபள என்று இருந்தால், அல்லது ஈயத்தின் மேல் இன்னொரு ஈயம் உட்கார்ந்திருந்தால், யாரோ திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அக்கூஸ்டிக்கில் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மரம். மார்ட்டின் கம்பெனி 1969 வரை டி-28 கிட்டாருக்கு பிரேசில் ரோஸ்வுட் போட்டது. அதன் பிறகு இந்திய ரோஸ்வுட். அது வேறொன்றுமில்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரம். மலையாளத்தில் வீட்டி. நம் வீட்டுப் பழைய கட்டிலும் அலமாரியும் எந்த மரமோ அதே மரத்தில் செய்த 1970-ஆம் வருடக் கிட்டார், 1968-ஆம் வருடக் கிட்டாரைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பிரேசில் மரம் 1992 முதல் சைட்டிஸ் என்ற, அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் நாட்டு எல்லை தாண்ட முடியாது. மேடைக்கு வாசிக்கிறவருக்கு ஈட்டி மரமே போதும். ஒரு குறைச்சலும் இல்லை.

பழைய மார்ட்டின் வாங்கினால் ஒரு விஷயம் உண்டு. 1985 வரை அதில் திருகிச் சரிசெய்யும் டிரஸ் ராடு கிடையாது. நெக் முன்னால் சாய்ந்துவிட்டால் நெக்கைக் கழற்றி மறுபடி கோணம் வைக்கத்தான் வேண்டும். வாங்கும்போதே ஃபிரெட்டுகளின் மேல் ஒரு நேர்ச்சட்டத்தை வையுங்கள். அதன் நுனி பாலத்தின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். பாலத்தின் முகப்பில் மோதினால் நெக் ரீசெட் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். சேடிலை (பாலத்தின் மேல் கம்பி உட்காரும் துண்டு) ஏற்கெனவே தேய்த்துத் தேய்த்துப் பாலத்தோடு மட்டமாக்கி இருந்தால் அதே நோய்தான், முன்னாலிருந்தவர் மறைத்திருக்கிறார்.

இனி நம் ஊர் விஷயம். பெட்டியில் பூட்டி வைத்தால் கிட்டார் அப்படியே இருக்கும் என்பது உலர்ந்த நாட்டு நம்பிக்கை. இடவப்பாதி மழையும் துலாம் மழையும் இரண்டுமே பெய்கிற ஊர் இது. குளச்சல், முட்டம் பக்கம் என்றால் உப்புக் காற்று வேறு. கிட்டாருக்கு வேண்டியது 45 முதல் 55 சதவீத ஈரப்பதம். நம் ஊரில் மழைக்காலத்தில் 80-ஐத் தாண்டும். மூடிய பெட்டிக்குள் ஈரம் ஏறிவிட்டால் வெளியே போக வழியில்லை. டாப் பலகை உப்பும், பழைய வச்சிரப் பசை இளகும், பாலம் பின்னால் இருந்து தூக்கும், ஃபிரெட்டுகளில் பச்சைக் களிம்பு படியும், பெட்டியின் பஞ்சுத் துணியில் பூசணம் பிடிக்கும்.

நூறு, இருநூறு ரூபாய் ஈரமானியை அப்படியே நம்பாதீர்கள். ஒரு பாட்டில் மூடியில் கல்லுப்பு போட்டு (புத்தளம் உப்பளத்து உப்பே போதும்) சேறு போல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்து திரவமாகிவிடக் கூடாது. மூடியையும் ஈரமானியையும் ஒரு ஜிப் கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, 12 மணி நேரம் நிழலில் விடுங்கள். உள்ளே 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் அது எப்போதும் 5 குறைத்துச் சொல்கிறது என்று மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

பெட்டிக்குள் நிறம் மாறும் ஆரஞ்சு சிலிக்கா ஜெல் 150 கிராம், துணிப் பையில், நெக்கின் கீழே. பச்சையானதும் 110 முதல் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி ஆரஞ்சாகும். ஈரமானி 45-க்குக் கீழே இறங்கினால் பையை எடுத்துவிடுங்கள், அதிகம் உலர்ந்தால் பலகை வெடிக்கும். அந்துருண்டை வேண்டவே வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். ரப்பர் கை வைத்த ஸ்டாண்டில் நைட்ரோ லேக்கர் கிட்டாரைச் சாய்த்து வைத்தால் அந்த இடம் பிசுபிசுத்துத் தடம் விழும், பருத்தித் துணி சுற்றுங்கள். துடைக்கும்போது முதலில் பிழிந்த ஈரத்துணி, ஏனென்றால் வியர்வை உப்பு தண்ணீரில்தான் கரையும். பிறகு எண்ணெய்ப் பிசுக்குக்கு லைட்டர் பெட்ரோல். ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் நைட்ரோ மேல் பட்டால் லேக்கர் இளகிவிடும்.

பழைய ஆர்ச்டாப் (டாப் பலகை வளைந்து உப்பிய) கிட்டாரில் பிக்கார்டுக்கு மேலே உள்ள கம்பி மட்டும் துருப்பிடித்தால் குற்றவாளி கடல் காற்று இல்லை. அந்தச் செல்லுலாய்டு பிக்கார்டே அழுகி அமில ஆவி விடுகிறது. உடனே கழற்றித் தனிக் கவரில், கிட்டார் பெட்டிக்கு வெளியே வையுங்கள். அசல் உருப்படி என்று கிட்டாரோடேயே வைத்திருந்தால் மற்ற அசல் உருப்படிகளையும் அது தின்றுவிடும்.

ஆம்புக்கு வருவோம். சேகரிப்பவர் பேச்சை இங்கே நான் முழுதாகவே நிராகரிக்கிறேன். கிட்டாரின் பாகங்களை மாற்றாமல் விட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வால்வு ஆம்பில் ஐம்பது அறுபது வருடத்து எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரை (மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் பாகம்) அப்படியே வைத்துச் சுவிட்ச் போட்டால், அது ஷார்ட் ஆகி பவர் டிரான்ஸ்பார்மரையும் எரித்துவிடும். நூறு ரூபாய்ச் சாமானின் அசல்தன்மையைக் காப்பாற்றப் போய், ஆயிரக்கணக்கில் விலையுள்ள அசல் டிரான்ஸ்பார்மர் போகும்.

அமெரிக்க ஆம்ப் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் அதோடு கதை முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கும்போது 120 அல்ல, 110 வோல்ட் கேளுங்கள். காரணம் இதுதான்: 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய டிரான்ஸ்பார்மரை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் இரும்பில் காந்தப் பாயம் கூடிச் சூடேறும். அந்தக் கணக்குக்கு மட்டும் பார்த்தால் 97 வோல்ட்தான் சரி. ஆனால் அவ்வளவு குறைத்தால் வால்வின் ஹீட்டர் 6.3 வோல்டிலிருந்து 5.2-க்கு இறங்கிப் பட்டினி கிடக்கும். 110 வைத்தால் ஹீட்டருக்கு 5.9 கிடைக்கும், பத்து சதவீத வரம்புக்குள் வந்துவிடும், சூடும் தாங்கும். மின்சாரம் 250-க்கு ஏறும் ராத்திரிகளில் இதுவே 120-ஐத் தொடும். அதனால் முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் வையுங்கள். ஃபெண்டரின் டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்புக்கு 300 விஏ (டிரான்ஸ்பார்மரின் திறன் அளவு), ட்வின் ரிவெர்புக்கு 500 விஏ.

ஸ்டெப் டவுனில் இரண்டு சுற்றும் தனித்தனியாக உள்ள ஐசொலேஷன் வகையே வேண்டும். மலிவாகக் கிடைக்கும் ஆட்டோ டிரான்ஸ்பார்மரில் ஒரு வயர் பொது. சுவர் பிளக்கில் பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால், நியூட்ரல் என்று நாம் நினைக்கும் அந்தப் பொது வயர் எர்த்துக்கு 230-இல் நிற்கும். பழைய இரண்டு பின் ஆம்பில் மெயின் வயருக்கும் சேசிஸுக்கும் (ஆம்பின் உலோகச் சட்டம்) நடுவே 0.047 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்று இருக்கும். டெத் கேப் என்றே அதற்குப் பெயர். அந்த 230-இல் அது நல்ல நிலையில் இருந்தாலே மூன்று மில்லியாம்ப் சேசிஸுக்கு ஒழுகும், கம்பியில் கை, மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்று இழுக்கும். ஷார்ட் ஆனால் பேரே பலித்துவிடும். அதை வெட்டி எடுத்துவிட்டு, மூன்று பின் வயர் போட்டு, பச்சை வயரைச் சேசிஸில் தனி போல்ட்டில் இறுக்குங்கள். இந்த ஒரு மாற்றத்துக்காக விலையைக் குறைக்கிற சேகரிப்பவரிடம் விற்காதீர்கள்.

கண்டன்சர் மாற்றும் வேலை. பிளக்கைப் பிடுங்கியபின்னும் உள்ளே 400 வோல்டுக்கு மேல் தேங்கி நிற்கும். 10 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டருக்கு இரு பக்கமும் குரோகடைல் கிளிப் வைத்து, ஒன்றைச் சேசிஸில், மற்றதை முதல் ஃபில்டர் கண்டன்சரின் பிளஸ்ஸில் மாட்டி 30 விநாடி விடுங்கள். மீட்டரில் 10 வோல்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகுதான் கை. ஸ்குரூடிரைவரால் தட்டி டிஸ்சார்ஜ் செய்யும் வழக்கம் ரேடியோ கடைகளில் உண்டு. தீப்பொறி பறக்கும், கண்டன்சரும் கெடும், பின்பற்ற வேண்டாம்.

ஃபெண்டரில் ஃபில்டர் கண்டன்சர்கள் சேசிஸின் மறுபக்கம் ஒரு தகர மூடிக்குள் வரிசையாக இருக்கும். முனையில் பழுப்புக் கசிவு, புடைத்த வயிறு, ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் உறுமல் இருந்தால் மாற்றும் நேரம் கடந்துவிட்டது. அமெரிக்கப் புத்தகங்கள் 120 ஹெர்ட்ஸ் என்று சொல்லும், நம் கரண்டுக்கு 100. டீலக்ஸ் ரிவெர்பில் இருப்பது 16 மைக்ரோஃபாரட். 16 முதல் 22 வரை, 500 வோல்ட் போடலாம். "பெரிதாகப் போட்டால் நல்லது" என்று 100 போடாதீர்கள். ஜிஇஸட்34 ரெக்டிஃபையர் வால்வுக்கு (ஏசியை டிசியாக்குவது) முதல் கட்டத்தில் 60 மைக்ரோஃபாரட்தான் எல்லை, மீறினால் உள்ளே தீப்பொறி அடித்துச் சாகும். பயாஸ் (அவுட்புட் வால்வின் ஓட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும் மைனஸ் வோல்ட்) கண்டன்சரையும் சேர்த்தே மாற்றுங்கள். அதற்கு மட்டும் பிளஸ் முனை சேசிஸ் பக்கம். தலைகீழாக மாட்டினால் பயாஸ் போய், அவுட்புட் வால்வின் தகடு செக்கச்சிவந்துவிடும்.

ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குச் சத்தத்தைக் கடத்தும் நீல நிற கப்ளிங் கண்டன்சர்களைத் தொடாதீர்கள். அவை எலக்ட்ரோலிட்டிக் இல்லை, பெரும்பாலும் இன்னும் நன்றாக இருக்கும், சேகரிப்பவருக்கும் அவை உயிர். சந்தேகமானால் கிரிட் (வால்வின் உள்ளீட்டு முனை) பக்கக் காலை மட்டும் கழற்றி, அந்தக் காலிலிருந்து சேசிஸுக்கு டிசி பாருங்கள். ஒரு வோல்டுக்கு மேல் நின்றால் ஒழுகுகிறது, அதை மட்டும் மாற்றுங்கள்.

முதல் முறை பவர் கொடுக்கும்போது எலக்ட்ரீசியன் வைத்திருக்கும் சீரிஸ் லேம்ப் போர்டு வழியாகக் கொடுங்கள், 60 வாட் குண்டு பல்பு, ஸ்டெப் டவுனுக்கு முன்னால். எல்இடி பல்பு இதற்கு ஆகாது. பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உடனே அணைத்து ஷார்ட்டைத் தேடுங்கள். ஸ்பீக்கரை மாட்டாமல் சுவிட்ச் போடவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும்.

பயாஸ் சரிபார்க்க, டீலக்ஸ் ரிவெர்பின் அவுட்புட் வால்வான 6வி6-இன் எட்டாம் பின்னுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு ஓம் ரெசிஸ்டர் போட்டால் மீட்டரில் ஒரு மில்லிவோல்ட் என்பது ஒரு மில்லியாம்ப். இந்த வால்வின் எல்லையான 12 வாட்டில் 70 சதவீதம் 8.4 வாட், தகட்டில் 410 வோல்ட் என்றால் அதால் வகுக்கச் சுமார் 20 மில்லியாம்ப். வாக்ஸ் ஏசி30 ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு வால்வு விஷயத்தில் ஒரு அதிர்ஷ்டம்: அதில் இருக்கும் நான்கு இஎல்84-களும் பழைய ரேடியோ வால்வுகள்தான், பெங்களூர் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) தொழிற்சாலையும் செய்தது. மூடும் நிலையில் உள்ள ரேடியோ ரிப்பேர் கடைகளின் பரணில் கேட்டுப் பாருங்கள்.

அசல் ஜென்சன் ஸ்பீக்கர் பூசணம் பிடித்திருந்தால் மெல்லிய உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கழற்றி உலர்ந்த இடத்தில் வைத்துவிடுங்கள். மேடைக்கு அதே 8 ஓம், 12 அங்குலத்தில் புதியது ஒன்று. ரீகோன் செய்தால் (காகிதக் கூம்பை மாற்றினால்) விலையும் போகும், சத்தமும் மாறும்.

கழற்றிய ஒவ்வொன்றும், கசிந்த கண்டன்சர், வெட்டிய டெத் கேப், பழைய நட், கறுத்த டியூனர், ஸ்குரூ உட்பட, ஜிப் கவரில் போக வேண்டும். உள்ளே ஒரு துண்டுச் சீட்டில் தேதி, எங்கிருந்து எடுத்தது, பதிலுக்குப் போட்டது என்ன என்று எழுதுங்கள். பால்பாயிண்ட் வேண்டாம், நம் ஊர் ஈரத்தில் படரும், பென்சில் நிற்கும். திறப்பதற்கு முன்னும் மூடுவதற்கு முன்னும் செல்போனில் படம் எடுத்துப் பிரின்ட் போட்டு அதே கவரில் வையுங்கள். கவரை ஆம்புக்குள் போடாதீர்கள், வால்வுச் சூட்டில் உருகும். கிட்டார் பெட்டியின் பிக் வைக்கும் அறையில் சரியாக அடங்கும், அழுகும் பிக்கார்டு மட்டும் வெளியே.